வாசலில் வைக்கும் பரீட்சை

அன்புள்ள பரீதாவுக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. முட்டிவலியால்தான் பதில் தாமதம் என்றால் நீ நம்பமாட்டாய், முட்டியாலா எழுதுகிறாய் என்று கேட்பாய். நீ கேட்ட கேள்விக்குச் சட்டென்று பதில் வரவில்லை, அதுதான் உண்மை. மகள் முனைவர் பட்டம் வாங்கிய சேதியைப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிவிட்டேன். சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து என் கண்ணாடியை உடைத்தவளா அவள்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சர்வமதக் குழுவில் சேர யூத ஜெபாலயத்தார் கேட்டிருக்கிறார்கள். காஸா பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று முதலில் எழுதித் தரட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார்கள் குழுவில் பாதிப் பேர். நீயும் அந்தப் பக்கம்தான், ஆனால் மனசு ஒப்பவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் குழுவில் ஒரு யூத அம்மாள் இருக்கிறார், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். முதல் இரண்டு வருஷம் அவர் பெயர் பட்டியலில் இருந்ததே தவிர ஆள் கூட்டத்துக்கு வரமாட்டார். "ஒட்டவே மாட்டேன் என்கிறார்" என்று நானே குறை பேசியிருக்கிறேன். நாங்கள் கூடியதோ வெள்ளிக்கிழமை மாலை. வெள்ளி பொழுது சாய்ந்தால் அவர்களுக்கு ஓய்வு நாள் தொடங்கிவிடும், சனி இரவுவரை. அந்த வீட்டில் விளக்கேற்றும் நேரத்தில் நாங்கள் நல்லிணக்கம் பேசிக்கொண்டிருந்தோம்! அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்னால் ஏன் என்று கேட்டேன். "முதல் நாளே சலுகை கேட்கிறவள் என்று பெயர் வாங்க வேண்டாமே என்றிருந்தது" என்றார்.

போன வருஷம் அவர் கணவர் போய்விட்டார். அடக்கத்தைத் தள்ளிப்போடாமல் செய்துவிடுகிறார்கள். உடலைக் கழுவி, தையலில் ஆடம்பரமில்லாத வெள்ளைத் துணி உடுத்தி, எளிய பெட்டியில் வைக்கிறார்கள். ஏழையோ பணக்காரனோ எல்லோருக்கும் அதே துணிதான். கழுவும் சடங்குக்குத் தஹாரா என்று பேர். உங்கள் வீட்டில் சுத்தத்துக்குச் சொல்லும் தஹாரத்துக்குக் கூடப்பிறந்தது போல இல்லை? உடலைச் சுற்றும் கஃபன் துணியைப் பற்றி நீ உன் அத்தா இறந்தபோது சொன்னது நினைவுக்கு வந்தது.

அடக்கம் முடிந்து ஏழு நாள் துக்கம். அதை ஷிவா என்கிறார்கள். நம்ம சிவன் இல்லை, எபிரேயத்தில் ஏழு என்று அர்த்தம். நான் இரண்டாம் நாள் போனேன். யாரும் மணியடிக்க வேண்டாம் என்று கதவைத் தாழிடாமல் விட்டிருந்தார்கள். கண்ணாடிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். அந்த அம்மாள் தாழ்வான ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கழுத்தோரம் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல், துக்கத்துக்காகக் கிழித்துக்கொண்டது. நான் போனதும் போகாததுமாக ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. பக்கத்திலிருந்த பெரியவர் என் கையை லேசாகத் தொட்டார். துக்கத்தில் இருப்பவர் பேசும்வரை வந்தவர் பேசக் கூடாதாம். யோபுவின் கதையிலிருந்து வந்த வழக்கம், உங்கள் அய்யூப் நபிதான். அவர் படும் துன்பத்தைப் பார்த்த நண்பர்கள் ஏழு பகல் ஏழு இரவு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் வாயைத் திறந்த பிறகுதான் வினையே ஆரம்பித்தது என்பது வேறு கதை.

அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு அவராகவே பேசினார், கணவர் தேநீரில் சர்க்கரையைத் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொள்வதைப் பற்றி.

அதனால்தான் உங்கள் "எழுதித் தரட்டும்" எனக்குப் பிடிக்கவில்லை. உலகத்தில் யூதர்கள் சுமார் 1.5 கோடிப் பேர். அதில் பாதிக்கும் சற்று மேலானவர்கள் இஸ்ரேலுக்கு வெளியேதான் வாழ்கிறார்கள். அந்த அரசைத் திட்டுபவர்கள், ஆதரிப்பவர்கள், இரண்டுக்கும் நடுவில் தூக்கம் கெட்டுக் கிடப்பவர்கள் என்று ஒரே வீட்டுக்குள் எல்லாமும் உண்டு. பலருக்கு அங்கே அக்காவோ பேரனோ இருக்கிறார்கள். 2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் இஸ்ரேலில் நடத்திய தாக்குதலில் தங்களவரைப் பறிகொடுத்தவர்களும் இருக்கிறார்கள். எங்கோ ஒருவன் குண்டு வைத்தால் உடனே உன்னிடம் "நீ கண்டிக்கிறாயா?" என்று கேட்டார்களே, அலுவலகத்தில், அதுவும் சாப்பிடும் நேரத்தில். அன்று ராத்திரி நீ எனக்குப் போன் செய்து அழுதாய். அதே கேள்வியைத்தான் இப்போது நீ தாளில் எழுதி அவர்களிடம் நீட்டப் போகிறாய்.

காஸாவைப் பற்றி வாய் திறக்காதே என்று நான் சொல்லவில்லை. உன் துக்கத்தை மறைத்துக்கொண்டு சிரிக்க வேண்டிய நட்பு எனக்கும் வேண்டாம். நானும் அந்த அம்மாளும் அதைப் பற்றிப் பேசியிருக்கிறோம். ஒருமுறை காரசாரமாகி அவர் எழுந்து போய்விட்டார், மூன்று வாரம் பேச்சில்லை. ஆனால் அந்தச் சண்டையைத் தாங்குமளவுக்குப் பழக்கம் முன்பே இருந்தது. வாசலிலேயே பரீட்சை வைத்திருந்தால் சண்டை போடக்கூட ஆள் கிடைத்திருக்காது.

பெரிய உதாரணம் கேட்பாய், எனக்குத் தெரியும். 2015 பிப்ரவரியில் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஜெபாலய வாசலில் காவலுக்கு நின்ற ஒரு யூதரைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த சனிக்கிழமை நார்வேயின் ஆஸ்லோவில் முஸ்லிம் இளைஞர்கள் கூப்பிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்குள்ள ஜெபாலயத்துக்கு அரணாக நின்றார்கள். என் மனதில் அதைவிட ஆழமாகப் பதிந்தது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க். 2018 அக்டோபரில் அங்கே ஜெபாலயத்துக்குள் 11 பேரைக் கொன்றான் ஒருவன். முஸ்லிம்கள் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். ஐந்து மாதம்கூட ஆகவில்லை, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் தொழுகைக்குப் போன 51 பேரைச் சுட்டுக் கொன்றான் இன்னொருவன். பிட்ஸ்பர்க் யூதர்கள் உடனே அவர்களுக்காகப் பணம் திரட்ட ஆரம்பித்தார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலில் யாரும் யாரிடமும் எழுதி வாங்கவில்லை.

இன்னொன்று. அவர்கள் ஜெபாலயத்துக்கு முதல்முறை போகும்போது வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். முகம் சுளிக்காதே. எனக்கும் முதலில் சுருக்கென்றது. அந்த அம்மாளின் ஆறு வயதுப் பேத்திக்கு அந்தக் காவலர் பெயர் தெரியும், பிறந்தநாள்கூடத் தெரியும். காவல் இல்லாத வாசலை அவள் பார்த்ததே இல்லை.

உன் குழுவில் இதையெல்லாம் படித்துக் காட்ட வேண்டுமென்றால் முட்டிவலிப் பகுதியை விட்டுவிடு. உன் கால் வீக்கம் வடிந்ததா என்று எழுது.

அன்புடன்,
கலா

பி.கு.: கடிதத்தோடு நீ வைத்திருந்த அழைப்பிதழ் நகலை இப்போதுதான் பிரித்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி என்று போட்டிருக்கிறதேடி! அச்சுக்குக் கொடுக்கும் முன் ஞாயிறு மதியத்துக்கு மாற்று. கிறிஸ்தவர்களும் ஆராதனை முடிந்து வந்துவிடுவார்கள்.