கோத்த இடத்தையும் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

நன்னீரில் கலக்கும் ரசாயனங்களின் ஆபத்தைக் கணினி மாடல்களை வைத்து மதிப்பிடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். மீனை வைத்துச் சோதிப்பதை விட்டுவிட்டுக் கணினியை நம்பலாமா என்று அதில் கேட்டிருந்தீர்கள். ஆய்வகச் சோதனையில் கிடைக்கும் எண்கள் இல்லாமல் இந்த மாடல் எதுவும் ஓடாது. அந்த எண்ணை ஓடுகிற ஆற்றுக்குள் கொண்டுபோய்ப் பொருத்துவதுதான் கஷ்டம், அதற்காகத்தான் ஒன்றின் விடையை அடுத்ததற்குக் கொடுத்துப் பல மாடல்களை ஒன்றோடொன்று கோக்கிறார்கள். கோக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்று கட்டுரை கேட்கவே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வழக்கமான சோதனையில் மீனுக்கு 96 மணி நேரம், டாஃப்னியா என்கிற நீர்த்தெள்ளுக்கு 48 மணி நேரம், பாசிக்கு 72 மணி நேரம். கண்ணாடித் தொட்டி, சுத்தமான தண்ணீர், அதில் கூடியவரை மாறாத ரசாயனச் செறிவு. எந்தச் செறிவு ஒவ்வொன்றையும் பாதிக்கிறது என்று இப்படிக் கிடைத்த மூன்று எண்கள் மட்டும் கையில் இருந்தால், அவற்றில் மிகக் குறைந்ததை 1000 ஆல் வகுத்து அதைப் பாதுகாப்பான அளவாக எடுத்துக்கொள்வது ஐரோப்பிய ஒன்றிய வழிகாட்டுதலில் உள்ள வழக்கம். தெரியாதது நிறைய இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு வைத்த 1000 அது. குறை சொல்லவில்லை, ஆனால் அந்த வகுத்தலுக்குள் ஆறு இல்லை.

நான் சில ஆண்டுகள் தண்ணீர்ச் சாம்பிள் எடுக்கும் வேலையில் இருந்தேன். மாதம் ஒரு தடவை, பகல் நேரத்தில், பெரும்பாலும் மழை இல்லாத நாளில் போவோம். பூச்சிக்கொல்லி ஆற்றுக்கு வருவதோ மருந்தடித்த பிறகு பெய்கிற முதல் மழையில், சில மணி நேரத்துக்குள், ஒரு அலை மாதிரி. நாங்கள் போய்ச் சேரும்போது அலை போயிருக்கும், ரிப்போர்ட்டில் "கண்டறியப்படவில்லை" என்று எழுதுவோம். எழுதியது பொய் இல்லை, ஆனாலும் அந்த ரிப்போர்ட்டுகளை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

கோத்த மாடல்கள் பிடிக்கப் பார்ப்பது அந்த அலையைத்தான். எவ்வளவு மழை, நிலத்திலிருந்து எவ்வளவு மருந்து வழிந்து வரும் என்று ஒரு மாடல் சொல்லும். அது எவ்வளவு நீர்த்துப்போகும், எவ்வளவு வண்டலில் ஒட்டும், எவ்வளவு சிதையும் என்று அடுத்தது. அப்புறம் உயிரினத்தின் உடம்புக்குள் எவ்வளவு போகிறது, எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறது, பட்ட சேதம் ஆறுகிறதா என்று இன்னொன்று. அதற்கும் மேலே, செத்தது போக மிச்சம் இருப்பவை இனம் பெருக்கி எண்ணிக்கையை மீட்குமா, அவற்றைத் தின்பவை என்ன ஆகும் என்கிற கணக்கு. உடம்புக்குள் நடப்பதைக் கணக்கிடும் கட்ஸ் என்ற மாடல் வகை, நீர்வாழ் உயிரினங்களுக்குப் பூச்சிக்கொல்லியால் வரும் ஆபத்தை மதிப்பிடப் பயன்படுத்தத் தயாராக இருக்கிறது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவியல் குழு 2018இல் சொன்னது. முதல் அலையில் வாங்கிய அடி ஆறுவதற்குள் இரண்டாவது அலை வந்தால் என்ன ஆகும் என்பதை 96 மணி நேரத் தொட்டி சொல்லாது, இது சொல்லும்.

இப்போது கோக்கும் இடத்துக்கு வருகிறேன். நீரோட்ட மாடல் மணிக்கு மணி செறிவு கொடுக்கிறது என்று வையுங்கள், அடுத்த மாடலுக்கு நாளுக்கு ஒரு எண்தான் வேண்டும், சரி என்று 24 மணி நேரச் சராசரி எடுத்து உள்ளே போடுகிறார்கள். இரண்டு மணி நேரம் மட்டும் லிட்டருக்கு 12 மைக்ரோகிராமாக ஏறி மற்ற நேரமெல்லாம் பூஜ்யமாக இருந்த தண்ணீர், சராசரியில் 1 மைக்ரோகிராம் ஆகிவிடும். பூச்சியைக் கொல்லும் உச்சம் அங்கேயே காணாமல் போய்விடும். இரண்டு மாடலிலும் தப்பு இல்லை, இரண்டையும் எழுதியவர்கள் தங்கள் துறையில் கெட்டிக்காரர்களாகவே இருக்கலாம், ஆனால் கடைசியில் வருகிற "ஆபத்து குறைவு" தப்பு.

இன்னொன்றும் உண்டு. நான்கு மாடல்கள் கோத்திருக்கின்றன, ஒவ்வொன்றும் நிஜத்தை இரண்டில் ஒரு பங்காகவே காட்டுகிறது என்றால், முடிவு 16இல் ஒரு பங்காகக் காட்டும். எதிரெதிர்த் திசையில் பிழைத்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு விடை தற்செயலாகச் சரியாக வரும், வேறொரு ஆற்றில் போட்டால் உடைந்துவிடும். அதனால் கடைசி எண்ணை மட்டும் சரிபார்ப்பது போதாது, ஒவ்வொரு இணைப்பிலும் வெளிவரும் எண்ணைக் களத்தில் அளந்ததோடு ஒப்பிட வேண்டும்.

இவ்வளவு சிரமப்பட்டுக் கோக்கத்தான் வேண்டுமா என்று கேட்பவர்களுக்குக் கனடாவின் ஒன்டாரியோவில் 260 என்று எண்ணிட்ட ஏரியைச் சொல்வேன். கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை 2001 முதல் 2003 வரை, லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில், ஆராய்ச்சிக்காக அந்த ஏரியில் கலந்தார்கள். ஆண் மீன்களின் உடம்பில் முட்டைக்கரு புரதம் உண்டானது, ஃபேட்ஹெட் மின்னோ என்ற சின்ன மீன் கிட்டத்தட்ட அழிந்தே போனது. அதை இரையாகத் தின்னும் பெரிய ட்ரவுட் மீன்களும் பிறகு குறைந்தன. ட்ரவுட்டை மட்டும் தொட்டியில் விட்டுச் சோதித்தால் இந்தப் பட்டினி தெரியவே தெரியாது. உணவு வலையைக் கணக்கிடும் மாடலைச் சங்கிலியில் சேர்த்தால்தான் இந்தக் கேள்வியையே கேட்க முடியும்.

ஆனால் கணக்கிட வேண்டியவை என்று நாம் போட்ட பட்டியலில் இல்லாத ரசாயனத்தை எந்தச் சங்கிலியும் கணக்கிடாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மழைக்குப் பிறகு நகர ஓடைகளுக்கு வந்த கோஹோ சால்மன்கள் முட்டையிடும் முன்பே செத்தன, பல வருடம் காரணம் புரியவில்லை. டயர் ரப்பரில் சேர்க்கும் ஒரு பொருள் ஓசோனோடு சேர்ந்து மாறி உண்டாகும் 6பிபிடி-குயினோன்தான் அது என்று 2020இல்தான் கண்டுபிடித்தார்கள். ஓடைக்குப் போய்ச் செத்த மீனைப் பார்த்த மனிதர்கள் இருந்ததால்தான் அது பட்டியலுக்கே வந்தது. மாடல் வந்துவிட்டது, இனி சாம்பிள் எடுக்கும் செலவைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். எந்த மழைக்கு, எந்த மணி நேரத்தில் போய் எடுக்க வேண்டும் என்று மாடல் சொல்லட்டும், அந்த நேரத்துக்கு ஆளையோ தானியங்கிக் கருவியையோ அனுப்பட்டும்.

இதுபோன்ற மதிப்பீடு ஒன்றை அடுத்த முறை வெளியிடும்போது ஆய்வாளர்களிடம் மூன்று கேள்விகள் கேட்டுப் போடுங்கள். செறிவை எத்தனை மணி நேரச் சராசரியாக அடுத்த மாடலுக்குக் கொடுத்தீர்கள்? ஒற்றை எண்ணுக்குப் பதில், குறைந்தது எவ்வளவு கூடியது எவ்வளவு என்று சொல்ல முடியுமா? எந்த இணைப்பைக் களத்தில் அளந்து பார்த்தீர்கள், எதைப் பார்க்கவில்லை? பதில்களைச் சுருக்காமல் போடுங்கள், நீளமாக இருந்தாலும் படிப்போம்.

அன்புடன்,
ஒரு வாசகர்