அந்தச் சின்ன மனிதன் நிற்கும் இடத்திலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய எட்டுப் படங்களையும் இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1/72 ஸ்கேலில், அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு அளவில், நீ செய்த ஸ்பிட்ஃபயர் போர்விமான மாடல், புல்தரை, இறக்கையடியில் குனிந்து நிற்கும் மெக்கானிக், பக்கத்தில் திறந்து கிடக்கும் கருவிப் பெட்டி. ஆறு மாத உழைப்பு என்று எழுதியிருந்தாய். அது தெரிகிறது. கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, "கையில் வைத்துப் பார்த்தால் நிஜம் மாதிரி இருக்குண்ணா, படம் எடுத்தால் பொம்மையாயிடுது, நல்ல கேமரா வாங்கணுமா?" என்று, அந்த வரிதான் என்னை எழுத வைத்தது. இதையே வேறு பலரும் கேட்டிருப்பதால், உன் சம்மதத்தோடு பொதுவிலேயே பதில் சொல்கிறேன்.

கேமரா வாங்காதே. கையில் இருக்கும் போனே போதும். நீ எங்கே நின்று எடுத்தாய் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உன் மெக்கானிக்கின் உயரம் என்ன? 1.75 மீட்டர் ஆள் என்றால் 1/72 ஸ்கேலில் 24 மில்லிமீட்டர். அவன் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 22 மில்லிமீட்டரில் இருக்கும். உன் படங்கள் மேசைக்கு மேலே ஒரு முப்பது சென்டிமீட்டர் உயரத்திலிருந்து எடுத்தவை. அதை 72-ஆல் பெருக்கு: 21.6 மீட்டர். அதாவது ஏழு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து அந்த விமானத்தைப் பார்த்திருக்கிறாய். நின்றுகொண்டிருக்கும் ஸ்பிட்ஃபயரை அங்கிருந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பழைய விமானத்தளப் படங்கள் பெரும்பாலும் மண்ணில் நின்றவன் எடுத்தவை. நம் கண் அந்தப் படங்களிலேயே பழகியிருக்கிறது. மேலேயிருந்து பார்த்த உடனே மனசு "பொம்மை" என்று சொல்லிவிடும். அதற்கப்புறம் நீ எவ்வளவு நுணுக்கமாகப் பெயிண்ட் அடித்திருந்தாலும் எடுபடாது.

போனைத் தலைகீழாகத் திருப்பு. பெரும்பாலான போன்களில் லென்ஸ் மேல் மூலையில்தான் இருக்கிறது. தலைகீழாக வைத்தால் அது தரையிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும், கிட்டத்தட்ட உன் மெக்கானிக்கின் கண் மட்டத்துக்கு. சரியாக வந்ததா என்று பார்க்க அளவுகோல் தேவையில்லை. சமதரையில் அடிவானம் எப்போதும் கேமராவின் உயரத்திலேயே ஓடும். ஆகவே நிமிர்ந்து நிற்கும் எல்லா ஆட்களின் கண்களும், அருகில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும், அடிவானக் கோட்டில் வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டால் நீயும் அவர்களோடு நிற்கிறாய் என்று அர்த்தம்.

ஆனால் கிட்டே போகாதே. ஐந்து சென்டிமீட்டரில் வைத்து எடுத்தால் மூக்கு மட்டும் தெளிவாகவும் வால் மங்கலாகவும் வரும். அந்த மங்கல்தான் பொம்மையைக் காட்டிக்கொடுக்கிறது. நிஜ ஊரை உயரத்திலிருந்து எடுத்து, மேலும் கீழும் மங்கலாக்கிவிட்டால் ஊரே விளையாட்டுச் சாமான் போலத் தெரிவதைப் பார்த்திருப்பாய். அதே விஷயம் இங்கே எதிர்த்திசையில் வேலை செய்கிறது. இருபது மீட்டர் தள்ளி நிற்பவனுக்கு விமானத்தின் மூக்கும் வாலும் ஒன்றாகத்தான் தெளிவாகத் தெரியும். நீ முப்பது சென்டிமீட்டர் தள்ளி வை, அது அவனுடைய 21.6 மீட்டர். பிறகு வேண்டிய அளவுக்கு ஓரங்களை வெட்டிக்கொள். போனின் சென்சார் சிறியது என்பது இந்த ஒரு வேலையில் வரமாகவே அமைகிறது, தெளிவின் ஆழம் தானாகவே கூடுதலாகக் கிடைக்கும். பெரிய கேமரா என்றால் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, மிகவும் சுருக்க வேண்டிவரும், எல்லை தாண்டிச் சுருக்கினால் ஒளிச்சிதறலால் படம் முழுக்கவே மழுங்கும். அதனால்தான் பெரிய கேமராக்காரர்கள் ட்ரைபாடில் வைத்து, ஃபோகஸை முன்னிருந்து பின்னாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பத்துப் பதினைந்து படம் எடுத்து, மென்பொருளில் ஒன்றாக அடுக்குகிறார்கள். அதைப் பிறகு கற்றுக்கொள்ளலாம், இப்போது அவசரமில்லை.

அடுத்து வெளிச்சம். இங்கேயும் அந்தச் சின்ன மனிதனாகவே யோசி. மேசை விளக்கை 40 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்திருக்கிறாய். அவனுக்கு அது சூரியனாகத் தெரியாது, 28.8 மீட்டர் உயரக் கம்பத்தில் கட்டிய விளக்காகத்தான் தெரியும். பக்கத்தில் இருக்கும் விளக்கின் நிழல்கள் விரிந்துகொண்டே போகும். உன் நான்காவது படத்தில் இரண்டு இறக்கைகளின் நிழலும் இரண்டு பக்கமாக ஓடுவது அதனால்தான். இரண்டாவது விளக்கு வேறு சேர்ந்ததால் மெக்கானிக்குக்கு இரண்டு நிழல். ஒரே சூரியன் உள்ள இடத்தில் ஒருவனுக்கு இரண்டு நிழல் விழாது.

வெளியே எடுத்துப் போ. வெயில் எந்த ஸ்கேலுக்கும் சரியாக வரும், அதற்குக் காரணம் இருக்கிறது. வானத்தில் சூரியனின் அகலம் ஏறக்குறைய அரை பாகை. நிழல் விளிம்பு எவ்வளவு மங்க வேண்டும் என்பதை அந்தக் கோணமே தீர்மானிக்கிறது. கோணத்துக்கு ஸ்கேல் கிடையாது. நிஜ இறக்கையின் நிழல் ஓரம் எப்படி இருக்குமோ, அதே விகிதத்தில்தான் உன் பிளாஸ்டிக் இறக்கையின் நிழல் ஓரமும் இருக்கும். சாய்ந்த காலை வெயிலோ மாலை வெயிலோ கிடைத்தால் ரிவெட் வரிசைகூட எழுந்து நிற்கும்.

வெளியே போனால் இன்னொரு லாபம், பின்னணி. மைக்கேல் பால் ஸ்மித் என்ற அமெரிக்கர் 1/24 கார் மாடல்களை மேசைமேல் பரப்பி, பின்னால் நிஜ மரங்களும் நிஜ வீடுகளும் வருகிறபடி வைத்து, எல்ஜின் பார்க் என்ற கற்பனை ஊரையே படம் படமாக உருவாக்கினார். 2018-இல் காலமானார். அவர் படங்களை நான் முதலில் பார்த்தபோது மாடல் என்று யாரோ சொல்லித்தான் தெரிந்தது. அவர் முறையை விமானத்துக்கு நான் செய்து பார்த்ததில் கண்டுகொண்டது இது: உன் டயோராமா பலகையை, அதாவது மாடலும் ஆட்களும் தரையும் சேர்ந்த காட்சிப் பலகையை, உன் மார்பு உயரத்துக்கும் மேலே தூக்கி, லென்ஸ் உன் சொந்தக் கண் மட்டத்துக்கு வருகிறபடி வை. அப்போது பின்னாலிருக்கும் நிஜத் தரை, ஒரு மனிதன் நின்று பார்த்தால் எப்படி விலகிப் போகுமோ அப்படியே விலகிப் போகும். மாடலின் தரையும் 22 மில்லிமீட்டர் கண்ணுக்கு அப்படித்தான் போகிறது. இரண்டும் இழைந்துவிடும். தாழ்வான முக்காலியில் வைத்து எடுத்தால் இந்த இழைவு வராது. பலகையின் பின் ஓரத்தை மட்டும் ஒரு புதர் வரிசையால் மறைத்துக்கொள்.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. டயோராமா என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவர்களில் ஒருவர் லூயி டாகேர். 1822-இல் பாரிஸில் அவரும் ஷார்ல் பூத்தோனும் அந்தப் பெயரில் ஓர் அரங்கம் திறந்தார்கள். மிகப் பெரிய துணியில் காட்சியை வரைந்து, முன்னும் பின்னும் வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் பகலை இரவாக்கிக் காட்டினார்கள். அதே டாகேரின் டாகேரோடைப் புகைப்பட முறை 1839-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அரங்கம் எரிந்துபோனதும் அதே ஆண்டில்தான். நாம் செய்யும் இரண்டு வேலையும் ஒரே ஆளின் கையிலிருந்து வந்தவை என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். டயோராமா செய்து முடித்துவிட்டுப் படம் எடுப்பது தனி வேலை என்று நான் எண்ணுவதே இல்லை.

செய்யும்போதே 72-ஆல் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிழைகள் தாமாகவே நின்றுவிடும். நீ போட்டிருக்கும் புல் 6 மில்லிமீட்டர் நார். நிஜத்தில் 43 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட முழங்கால் உயரம். விமானம் ஓடி இறங்கும் தரையில் புல்லை அப்படி வளர விடமாட்டார்கள். 2 மில்லிமீட்டர் நார் போடு, 14 சென்டிமீட்டர் வரும், ஓரங்களில் மட்டும் உயரமாக விடு. பேனல் லைனில், அதாவது உடல் தகடுகள் சேரும் கோட்டில், கறுப்பு வாஷ் (நீர்க்கக் கரைத்த பெயிண்ட்) 0.2 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தேங்கினால் அது 14 மில்லிமீட்டர் இடைவெளி, விரலே நுழைந்துவிடும். கறுப்புக்குப் பதில் அடிப்படை நிறத்தையே கொஞ்சம் கருமையாக்கிப் போட்டுத் துடைத்துவிடு. இறக்கையின் பின் விளிம்பு அரை மில்லிமீட்டர் தடிமன் என்றால் நிஜத்தில் 36 மில்லிமீட்டர். ஒட்டுவதற்கு முன்பே உட்புறமாகத் தேய்த்துவிட வேண்டியது அது, இந்த மாடலில் இனி முடியாது, அடுத்ததில் பார்த்துக்கொள். கேனபிமேல் (விமானியின் கண்ணாடிக் கூண்டின்மேல்) ஒட்டியிருக்கும் ஒரு தலைமுடிகூட அந்த மனிதனுக்கு 5 மில்லிமீட்டர் கயிறு. ஷட்டரை அழுத்துவதற்கு முன் மென்மையான தூரிகையால் எல்லாவற்றையும் தட்டிவிடு.

இப்போது உன் ஸ்பிட்ஃபயரிடமே வருகிறேன். ஏழாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இறக்கையின் முன் விளிம்பில் துப்பாக்கி வாய்களின் மேல் சிவப்புத் துணிப் பட்டைகளை அழகாக ஒட்டியிருக்கிறாய், ஓரம்கூடத் தூக்காமல். தூசியும் குளிரும் உள்ளே போகாதபடி தரைப் பணியாளர்கள் அவற்றை ஒட்டுவார்கள். முதல் குண்டு பாயும்போது அவை கிழிந்துவிடும். ஆனால் அதே இறக்கையின் அடியில் நீ துப்பாக்கிப் புகைக் கறையைப் பின்னோக்கி இழுத்துவிட்டிருக்கிறாய். பட்டை முழுசாக இருந்தால் இன்னும் சுடவில்லை, கறை இருந்தால் சுட்டாகிவிட்டது. இரண்டும் சேர்ந்து இருக்க ஒரு வழி உண்டு: திரும்பி வந்து, குண்டு நிரப்பி, புதுப் பட்டை ஒட்டி முடித்த நேரம். அப்படியானால் உன் மெக்கானிக் வெறுமனே குனிந்து நிற்க மாட்டான். கையில் துணிப் பட்டை இருக்கும், புல்லில் ஒரு காலிக் குண்டுப்பெட்டி கிடக்கும். அந்த ஒரு பெட்டியைச் சேர், உன் காட்சிக்கு ஒரு நேரம் வந்துவிடும்.

விமானம் தன்னாலேயே நேரம் சொல்லும். மஸ்டாங் என்ற இன்னொரு போர்விமானத்தை எடுத்துக்கொள். என்ஜின் நின்றபின் ஹைட்ராலிக் அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கும், உள்பக்கச் சக்கரக் கதவுகளும் ஃபிளாப்களும் (இறக்கையின் பின்புற மடிப்புத் தகடுகளும்) தாமாகத் தொங்கிவிடும். ரொம்ப நேரமாக நிற்கும் மஸ்டாங்குக்கும் இப்போதுதான் வந்து நின்றதற்கும் அதுதான் வித்தியாசம். ஸ்பிட்ஃபயரில் விமானி ஏறும் சிறு கதவு இடப்பக்கம். ஆகவே இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தின் மேற்புறத்தில்தான் பூட்ஸ் தேய்ந்து பெயிண்ட் போயிருக்கும். நீ இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உரித்திருக்கிறாய். வலப்பக்கத்தைக் கொஞ்சம் தணித்துவிடு.

புரொப்பெல்லர் சுற்றுவது போல வேண்டும் என்று கேட்டிருந்தாய். ஹேர் டிரையரில் குளிர்ந்த காற்றை விட்டு, 1/15 நொடி ஷட்டரில், கேமராவை அசையாமல் வைத்தால் வரும். ஆனால் பக்கத்தில் ஆள் நிற்கும் இந்தக் காட்சிக்கு வேண்டாம்.

எனக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் 1/72-இல் ஒரு தளக் காட்சி செய்தேன். தூரம் காட்டுவதற்காகப் பின்னால் 1/144 விமானம் ஒன்று, அதற்கும் பின்னால் இன்னும் சிறிய மரங்கள். அப்படிச் செய்தால் ஒரே ஒரு இடத்திலிருந்து பார்க்கும்போதுதான் கண் ஏமாறும். அந்த இடத்தை நான் குறித்துவைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து எல்லாம் ஒட்டிக் காய்ந்தபின் போனை வைத்துப் பார்த்தேன். கண் ஏமாற வேண்டிய அந்த ஒரே இடத்துக்கு நேர் எதிரே எரிபொருள் லாரி நின்றது. லாரிக்கு அந்தப் பக்கம் வைத்தால் சின்ன விமானம் சின்ன விமானமாகவே தெரிந்தது. லாரியைப் பெயர்த்தபோது தரையும் சேர்ந்து பிய்ந்தது. அன்றிலிருந்து நான் பலகையில் எதையும் ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் சும்மா வைத்து, போனைத் தரையில் இறக்கி, படம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பசையைத் திறக்கிறேன். பென்சிலால் லென்ஸ் நிற்கும் இடத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டுவிடுவேன். விமானம், ஆட்கள், புதர் எல்லாம் அந்தக் குறியைப் பார்த்துத்தான் இடம் பிடிக்கும்.

மெக்கானிக்கை இன்னும் நிரந்தரமாக ஒட்டவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. அவனை இரண்டு சென்டிமீட்டர் இடப்பக்கம் நகர்த்தி, முகம் துப்பாக்கி வாயைப் பார்க்கிறபடி திருப்பி வை. போனைத் தலைகீழாக்கி முப்பது சென்டிமீட்டர் தள்ளி, சாய்வெயிலில் ஒரு படம் எடுத்து அனுப்பு. அப்படியே இடது சக்கரத்தையும் ஒருமுறை பார். மூன்றாவது படத்தில் அது புல்லுக்கு மேலே மயிரிழை தூக்கி நிற்பது போலத் தெரிந்தது. டயரின் அடியைக் கொஞ்சம் தட்டையாகத் தேய்த்தால் எடை இறங்கி உட்காரும்.

அன்புடன்,
அண்ணன்