கடைமடைக்கும் அந்த மருந்து வர வேண்டும்

மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்குப் பத்து வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் நெற்றியில் முத்தமிட்டால் உப்புக் கரிக்கும். வியர்வைதானே என்று விட்டுவிட்டோம். ஓயாத சளி, எவ்வளவு சாப்பிட்டாலும் தேறாத உடம்பு. முதலில் வீசிங் என்றார்கள். பிறகு பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்று சொல்லிக் காசநோய் மருந்து கொடுத்தார்கள். ஐந்து வயதில், சென்னையில் வியர்வையின் உப்பை (குளோரைடை) அளந்தபோதுதான், சளி கெட்டியாகி நுரையீரலை அடைக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோய் என்று தெரிந்தது.

சி.எஃப்.டி.ஆர். என்ற மரபணு தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் பழுதாக வந்து சேர்ந்தால் இந்த நோய். நான் அத்தை மகனைக் கட்டியவள். சொந்தத்தில் கட்டிய வீடுகள் எங்கள் பக்கம் நிறைய.

அந்த மரபணுவை 1989-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். 2019-ல் அமெரிக்காவில் நல்ல மாத்திரையும் வந்தது. ஆனால் அது சில வகைப் பழுதுகளுக்கு மட்டுமே கேட்கும். மேல்நாட்டில் அதிகம் காணும் பழுது நம் பிள்ளைகளிடம் அந்த அளவுக்கு இல்லை. என் மகளுக்கு இருப்பது வேறு. அதனால் நாங்கள் நம்பியிருப்பது மூச்சுவழி மரபணு மருந்தை. பழுது எதுவானாலும், நல்ல மரபணுவையோ, அதன் செய்தியைச் செல்லுக்குச் சொல்லும் நகலான எம்.ஆர்.என்.ஏ.வையோ நேராக நுரையீரலுக்கே அனுப்பும் வழி அது.

மேட்டூரைத் திறந்தாலும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. இந்த மருந்தின் பாடும் அதுதான். துளி 1 முதல் 5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரை இருந்தால்தான் உள்ளே இறங்கும். பெரிதானால் தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். இறங்கினாலும் கெட்டிச் சளி மறிக்கும். மருந்தைப் பொதிந்திருக்கும் கொழுப்புறை, மருந்தைப் புகைபோல் ஆக்கும் நெபுலைசர் கருவியின் அதிர்விலேயே உடைந்துபோகலாம். இத்தனையையும் மீறி, பிரிட்டனில் நல்ல மரபணுவை மாதம் ஒருமுறை என ஓராண்டு கொடுத்துப் பார்த்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் நுரையீரல் திறனில் சுமார் 3.7 சதவீத வித்தியாசம். சின்ன எண்தான். எனக்கு அது பெரிது. இப்போது எம்.ஆர்.என்.ஏ.வையும் மனிதர்களிடம் சோதிக்கிறார்கள்.

அந்தச் சோதனைகள் இந்தியாவுக்கு வரும் நாளில் எங்கள் பிள்ளைகள் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் இருக்கக் கூடாது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஓயாத சளியோடு வரும் பிள்ளைக்கெல்லாம் வியர்வைப் பரிசோதனை செய்யுங்கள். உறுதியானால் மரபணுவையும் பார்த்து, எந்தப் பழுது என்று பதிவேட்டில் எழுதுங்கள். 2021-ன் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் இந்த நோயும் இருக்கிறது. ஆனால் நோயின் பேர் தெரிந்தால்தானே அந்தக் கொள்கைப்படி உதவி கேட்க முடியும்?

போன வாரம் என் தங்கை கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அவளும் சொந்தத்தில் கட்டியவள்தான். பிள்ளையைத் தூக்கியதும் முதலில் நெற்றியில்தான் முத்தமிட்டேன். கரித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அவளைச் சென்னைக்கு பஸ் ஏற்றாமல், திருவாரூருக்கே கூட்டிப்போகலாம் என்று எனக்கு ஒரு பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்