லால்பாக் மரங்களை வதைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம். போன ஞாயிறு காலை நண்பர்களோடு பெங்களூரு லால்பாக்கில் படம் எடுக்கப் போயிருந்தேன். ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய தோட்டம், 1889-இல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகை, கெம்பே கவுடா கோபுரம் நிற்கிற சுமார் 300 கோடி வருடப் பாறை, எல்லாவற்றையும் சாய்வெயிலில் பார்த்தால் கை தானாகக் கேமராவுக்குப் போகும். ஆனால் கல்யாண ஆல்பத்துக்கு வந்த ஒரு குழு, பூ தெரிய வேண்டும் என்று ஒருவர் கிளையை வளைத்துப் பிடித்துக்கொள்ள, மணமக்களை மரத்தின் வேர்மேல் ஏற்றி நிறுத்தியது. ரொம்ப வேதனையாக இருந்தது. கொஞ்சம் தள்ளி நின்று நீள லென்ஸ் போட்டால் அதே படம் இன்னும் அழகாக வருமே! அப்புறம், ஜனவரி, ஆகஸ்ட் மலர்க் கண்காட்சிகளில் பாத்திக்குள் கால் வைப்பவர்களைக் காவலாளிகள் தயங்காமல் வெளியே அனுப்ப வேண்டும்.

- ஒரு வாசகர், பெங்களூரு