வாய்தாவில் கரையும் ஜீவனாம்சம்

ஆசிரியருக்கு,

குடும்பநல நீதிமன்றங்களில் வழக்குகள் தேங்குவது பற்றிய தங்கள் நாளிதழின் செய்தியைப் படித்தேன். விவாகரத்துத் தீர்ப்பு தாமதமாவதைவிட, வழக்கு முடியும்வரை செலவுக்குக் கிடைக்க வேண்டிய இடைக்கால ஜீவனாம்சம் தாமதமாவதுதான் பெண்களை அதிகம் வதைக்கிறது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள் கூடுமானவரை இடைக்கால ஜீவனாம்ச மனுவை முடிக்க வேண்டும் என்பது சட்டம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 125, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 144. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

என் அக்கா மகளின் வழக்கில் கணவர் தரப்பிலிருந்து அந்தப் பத்திரம் வராமலேயே வாய்தா மேல் வாய்தா போனது. ஒவ்வொரு முறையும் ஜவுளிக்கடை வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கைக்குழந்தையோடு வராந்தாவில் நிற்பாள்; பெயர் கூப்பிட்டதும் உள்ளே போவாள், அடுத்த தேதியோடு இரண்டே நிமிடத்தில் திரும்புவாள். அன்றைய சம்பளமும் போச்சு, பஸ் காசும் போச்சு. பத்திரம் தாக்கல் செய்ய ஒருமுறை அவகாசம் கேட்டால், சரி, கொடுக்கலாம். அதன் பிறகும் வராவிட்டால், மனைவி தந்த விவரங்களை வைத்தே இடைக்கால உத்தரவு போட வேண்டும். இந்த 60 நாள் கெடுவையும் நோட்டீஸிலேயே தமிழில் அச்சிட்டு அனுப்பும்படி உயர் நீதிமன்றம் அறிவுறுத்தலாம்.

- ஒரு வாசகி