நெல்லைச் சீமைக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்துக்குப் பேச்சாளர்களைத் தேடிப் பிடித்து அழைத்துவரும் பொறுப்பு என்னுடையது. இலக்கியத்துக்கு ஆள் கிடைக்கிறது. பட்டிமன்றத்துக்குக் கேட்கவே வேண்டாம். வரலாறு என்றால்தான் திண்டாட்டம். கூட்டத்தைக் கட்டிப்போடத் தெரிந்தவருக்குச் செப்பேடும் கல்வெட்டும் தெரிவதில்லை. அவை தெரிந்தவரோ குனிந்த தலை நிமிராமல் கட்டுரையை வாசிக்கிறார், மைக் செட்காரர் வயரைச் சுருட்டத் தொடங்கியதுகூட அவர் கண்ணில் படுவதில்லை. மேடையிலும் காமிராவின் முன்னும் பேசத் தெரிந்த வரலாற்று மாணவர்களை உருவாக்குவதும் உங்கள் துறைகளின் வேலைதான் என்று வலியுறுத்தவே இம்மடலை எழுதுகிறேன்.

1798 செப்டம்பரில் கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனை இராமநாதபுரத்தில் சந்தித்ததைப் பற்றி நம் மேடைகளில் பேசுகிறவர்களில் பலர், 1959இல் வந்த திரைப்படத்தின் வசனத்தையே சாட்சியம்போல ஒப்பிக்கிறார்கள். அந்தச் சந்திப்பு கைகலப்பில் முடிந்த பிறகு கிழக்கிந்தியக் கும்பினி தன் கலெக்டரையே விசாரித்துப் பதவியிலிருந்து விலக்கியது என்ற செய்தியை யாரும் சொல்வதில்லை. வசனத்துக்குக் கைதட்டிய அதே கூட்டம் இதையும் வாய் பிளந்து கேட்டிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

தூத்துக்குடி மாவட்டத்தில் அகழாய்வு நடந்த சிவகளையின் கதை இன்னும் மோசம். அங்கே ஒரு முதுமக்கள் தாழிக்குள் இருந்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று கணிக்கப்பட்டு, 2021இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. கதிர் அறுபட்டதும் பயிர் காற்றிலிருந்து கரிமத்தை ஏற்பது நின்றுவிடுகிறது; உள்ளே இருக்கும் கரிமம்-14 என்னும் கதிரியக்கக் கரிமம் ஏறத்தாழ 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது; எஞ்சியிருப்பதை அளந்துதான் காலத்தைச் சொல்கிறார்கள். ஆகவே அது அந்த நெல்லின் காலம். ஆற்றங்கரை நாகரிகம் முழுவதற்கும் போட்ட பிறப்புச் சான்றிதழ் அன்று. ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடக்கூடிய இச்செய்தியை விளக்க உங்களில் ஒருவர் வராததால், பொருநை என்னும் நம் தாமிரபரணியின் நாகரிகத்துக்கு வயது மேடைக்கு மேடை ஆயிரம் ஆயிரமாக ஏறிக்கொண்டிருக்கிறது.

மேடைப்பேச்சு ஆய்வாளருக்குத் தகாது என்ற எண்ணம் உங்களில் சிலருக்கு உண்டு என்பதை அறிவேன். ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஏ. ஜே. பி. டெய்லரையும் ஆக்ஸ்போர்டில் அப்படித்தான் பார்த்தார்கள். 1957இல் ரஷ்யப் புரட்சியைப் பற்றிப் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் கையில் குறிப்பு இல்லாமல், திரையில் படம் எதுவும் காட்டாமல் அரைமணி நேர உரைகளாகப் பேசிய அவர், நாளிதழ்களில் எழுதியதும் தொலைக்காட்சியில் தோன்றியதும் சக ஆசிரியர்களின் கண்ணை உறுத்தின. அவருடைய காலை வகுப்புகளில் மாணவர் கூட்டம் நிரம்பி வழிந்தும், அரச நியமனமான ரீஜியஸ் வரலாற்றுப் பேராசிரியர் பதவி அவ்வாண்டு இன்னொரு வரலாற்றாசிரியரான ட்ரெவர்-ரோப்பருக்கே போனது. பின்னாளில் இந்தப் பார்வை ஓரளவு மாறியது. ஆங்கிலோ-சாக்சன் கால வரலாற்றில் ஆராய்ச்சியைத் தொடங்கிப் பின் தொலைக்காட்சிக்குப் போன மைக்கேல் வுட்டை 2013இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் மக்கள் வரலாற்றுப் பேராசிரியர் ஆக்கியது. பக்தர்களோடு பேருந்தில் ஏறி நம் திருச்செந்தூருக்கு வந்து, அந்தப் பயணத்தைப் புத்தகமாகவும் எழுதியவர் அவர்.

அவ்வளவு தூரம் போவானேன்? இராசவல்லிபுரத்தில் 1896இல் பிறந்து, நெல்லையில் வக்கீல் தொழில் பார்த்து, பின் பல்கலைக்கழக ஆசிரியரான ரா. பி. சேதுப்பிள்ளை, ஊர்ப்பெயர்களுக்குள் புதைந்த வரலாற்றைத் தோண்டி எழுதியவர். 'சொல்லின் செல்வர்' என்று பெயர் வாங்கியவரும் அவரே. புலமையும் நாவன்மையும் ஒரே ஆளிடம் இருப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன், அதன் சாரத்தை ஒரு ஊர்க் கூட்டத்தில் தாளைப் பாராமல் கால்மணி நேரம் பேச வேண்டும் என்று வையுங்கள். சேரன்மகாதேவியிலோ மன்னார்கோயிலிலோ கல்வெட்டின் முன் நிறுத்திப் பேசச் சொன்னால் இன்னும் நல்லது. கேட்பவர்கள் எழுப்பும் கேள்விக்குப் பதில் சொல்வதற்கும் மதிப்பெண் கொடுங்கள். ஆதாரம் எது, ஊகம் எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்ததா என்பதை அங்கேதான் பார்க்க முடியும். அதைச் செல்பேசியில் படம்பிடித்து அவர்களுக்கே போட்டுக் காட்டினால், காமிராவுக்கும் பழகிவிடுவார்கள். ஆசிரியர்களும் வந்து பேசலாம், ஆனால் கட்டுரையைக் கட்டாயம் வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும்.

எங்கள் நூலகத்தில் மேடையும் மைக்கும் இருக்கின்றன, வழிச்செலவை வாசகர் வட்டம் ஏற்கும். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இடம் காலியாகத்தான் கிடக்கிறது. வரும் கல்வியாண்டின் முதல் பருவத்துக்கு மாணவர் பெயர்களையும் தலைப்புகளையும் அனுப்பிவைத்தால் நாட்களைக் குறித்துக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
வாசகர் வட்டப் பொறுப்பாளன்