குடலிறக்கத்துக்கு ஒரே வழி லேப்ராஸ்கோப்பிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடலிறக்கத்துக்கு (ஹெர்னியா; வயிற்றுச் சுவரின் இற்றுப்போன இடம் வழியாகக் குடல் புடைத்து இறங்குவது) லேப்ராஸ்கோப்பிதான், அதாவது சின்னத் துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்கிற ஆபரேஷன்தான் வழி என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெண் என்னிடம் ஓடிவந்தாள். அவள் கணவர் இங்கே கரூரில் கொசுவலை கம்பெனியில் பேல் (சரக்குக் கட்டு) தூக்குகிறவர். இரண்டு வருஷமாக வலது கவட்டையில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைப்பு. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, கச்சையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். இப்போதுதான் அரசு மருத்துவமனையில் காட்டி, மெஷ் என்கிற செயற்கை வலை வைத்துத் தைக்கிறோம் என்று தேதியும் கொடுத்துவிட்டார்கள். "அக்கா, கிழிச்சுப் பண்றது பழைய முறைன்னு போட்டிருக்குதுங்க. சங்கிலிய அடகு வெச்சு கோயமுத்தூர் கூட்டிட்டுப் போயிரட்டுங்களா?" என்று கேட்டாள்.

ஆபரேஷன் தியேட்டரில் 31 வருஷம் செவிலியராக இருந்தவள் நான். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம்.

'பழைய முறை' என்றால் எது? இத்தாலியின் பதுவா நகரில் பாஸ்ஸினி என்ற சர்ஜன் 1887-இல் எழுதிய முறையா? வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளை ஒன்றோடொன்று இழுத்துத் தைப்பது அது. நான் பணியில் சேர்ந்த காலத்தில் அதைத்தான் நிறையப் பார்த்தேன். இற்றுப்போன வேட்டியின் இரண்டு ஓரத்தையும் இழுத்துப் பிடித்துத் தைத்தால் தையலை ஒட்டியே மறுபடி கிழியும் அல்லவா? அந்தச் சங்கடம் இதில் இருந்தது. இழுக்காமல் ஒட்டுப் போடலாம் என்று லாஸ் ஏஞ்சலிஸில் லிக்டன்ஸ்டைன் என்ற சர்ஜன் 1980-களில் வலை வைக்கத் தொடங்கினார். பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்யப்போவதும் அதுதான். உலகம் முழுக்க இன்றும் நடக்கிற ஆபரேஷன் அது. யாரும் அதைக் கைவிடவில்லை.

எத்தனையோ முறை அந்த வலையை உறையிலிருந்து எடுத்து நீட்டியிருக்கிறேன். உள்ளங்கையைவிட நீளமாக, வெள்ளையாக, கொஞ்சம் விறைப்பாக இருக்கும். சர்ஜன் ஒரு முனையை வளைவாக நறுக்குவார். மறு முனையை வால் மாதிரி இரண்டாகப் பிளந்து, விதைக்குப் போகிற நாளக் கொத்தைச் சுற்றி அந்த இரண்டு வாலையும் கொண்டுவந்து சேர்த்துத் தைப்பார். அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டாலே இதைச் செய்துவிடலாம். முழு மயக்கம் தாங்காத வயசாளிகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம்! கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

வலையே வேண்டாம் என்கிற இடங்களும் உண்டு. கனடாவில் டொரொன்டோவை ஒட்டி, 1945-இல் தொடங்கிய ஷோல்டைஸ் மருத்துவமனையில் குடலிறக்கம்தான் முழு வேலை. எடை கூடியவர்களை இளைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள். நாலு அடுக்காக எஃகு இழையால் தைத்து, அன்றைக்கே எழுப்பி நடக்கவிடுகிறார்கள். நம் நாட்டில் புனேயின் டாக்டர் தேசர்தா, நோயாளியின் சொந்தத் தசை உறையிலிருந்து ஒரு பட்டையைப் பிரித்து ஓட்டையை மூடும் முறையைக் கொண்டுவந்தார்.

கரூர்க்காரி என்பதால் அடுத்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மகாராஷ்டிரத்தின் தொண்டாயிச்சா என்ற சின்ன ஊரில் டாக்டர் டோங்காவ்கர், மெஷ் வாங்க வசதியில்லாத நோயாளிகளுக்காகக் கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கி வைத்துத் தைத்தார். 2003-இல் அதைப் பற்றி எழுதினார். அப்புறம் கிழக்கு உகாண்டாவில் சுவீடன் நாட்டு மருத்துவர்களும் அந்நாட்டு மருத்துவர்களும் சேர்ந்து 302 ஆண்களிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்குக் கம்பெனி மெஷ், பாதிப் பேருக்குக் கொசுவலை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் கொசுவலை வைத்தவர்களில் ஒருவருக்கு மட்டும் மறுபடி இறங்கியிருந்தது, மற்ற தரப்பில் யாருக்கும் இல்லை. மற்ற சிக்கல்களும் இரு பக்கமும் ஏறத்தாழ சமம். 2016-இல் இது வெளியானது. அந்தக் கொசுவலை போனது நம் கரூரிலிருந்து! இங்கே பேல் தூக்கித் தூக்கிக் குடல் இறங்கியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அவர்கள் தூக்கிய சரக்கு எங்கோ ஒருவருடைய வயிற்றைக் காப்பாற்றியிருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னபோது எனக்கே தொண்டை அடைத்தது. (இது கிருமி நீக்கிய, பூச்சிமருந்து ஏற்றாத வலை. கடையில் வாங்குகிற வலை எதுவும் ஆகாது.)

லேப்ராஸ்கோப்பி கெட்டது என்று நான் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் இறங்கியிருந்தால், முன்பக்கம் தைத்தது மறுபடி இறங்கினால், பெண்களாக இருந்தால், அதுவே மேல். சீக்கிரம் வேலைக்கும் போகலாம். ஆனால் அதற்குப் பொதுவாக முழு மயக்கம் வேண்டும், அதில் நிறையக் கை பழகிய சர்ஜனும் வேண்டும். 2018-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் எல்லாருக்கும் பொருந்துகிற ஒரே முறை கிடையாது என்றுதான் சொல்கிறது. ஆண்களுக்குத் தொந்தரவே இல்லாத சின்னப் புடைப்பானால் கண்காணித்துக்கொண்டே காத்திருக்கவும் செய்யலாம். வட அமெரிக்காவில் 720 ஆண்களிடம் அதையும் பார்த்திருக்கிறார்கள், அவசர ஆபத்து வந்தவர்கள் மிகச் சிலரே. ஆனால் புடைப்பு உள்ளே போகாமல் கல்லாகி, வாந்தியும் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. அப்படித் தாமதித்து வந்தவர்களின் கறுத்த குடலை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணிடம், "தேதியைத் தள்ளாதே. எந்த முறை, எந்த மயக்கம், இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று டாக்டரிடமே கேள்" என்றேன். கேட்டிருக்கிறாள். டாக்டர் கோபப்படாமல் படம் போட்டே காட்டினாராம். வரும் புதன்கிழமை ஆபரேஷன்.

கட்டுரை எழுதிய மருத்துவரே மறுபடி எழுதினாலும் சரி, திறந்து செய்கிற முறையைப் பற்றியும் அதே அளவு இடம் ஒதுக்கி ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன். அரசு மருத்துவமனையில் தேதி வாங்கி வைத்திருக்கிறவர்கள் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறுவை அரங்குச் செவிலியர்,
கரூர்.